மூன்று துறைக்கு ஒரு கம்ப்யூட்டர்

7.1.2008, திங்கள்

பொங்கல் விடுமுறைக்கு முன்பே டைம்டேபிள் வந்துவிட்டது. அதிசயம்தான். என் பெயருக்கு நேரே புதன்கிழமை மதியம் முழுக்க ஒரே வகுப்பு: கூட்டுக் கட்டட வடிவமைப்பு. சிவில், எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் மூன்று துறைப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் எழுப்ப வேண்டும். இதற்காக இரண்டு வருடமாக நாயாக அலைந்திருக்கிறேன்.

கட்டடம் கற்பனை இல்லை. கல்லூரிக்குப் பெண்கள் விடுதி கட்டப் போகிறார்கள். அதையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் பிரின்சிபால். மார்ச் நடுவில் கரஸ்பாண்டென்ட் வந்து மாடலைப் பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வகுப்பு தொடரும். பிடிக்காவிட்டால் கம்ப்யூட்டர் பரீட்சைப் பிரிவுக்குப் போய்விடும், ஹால் டிக்கெட் அடிக்க. ஆமாம், கம்ப்யூட்டர் ஒன்றுதான். அந்த மென்பொருளுக்கு ஒரே ஒரு லைசென்ஸ்தான் வாங்கியிருக்கிறார்கள்.

சிவில் துறையில் ஆர்க்கிடெக்ட் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு நான் 'படம் போடுற அன்னாள் மேடம்'. விஷயத்தைச் சொன்னபோது ஹெச்.ஓ.டி. சிரித்தார். "மூணு டிபார்ட்மெண்ட ஒண்ணா உக்கார வைக்கப் போறீங்களா? ஸ்டாஃப் மீட்டிங்லயே நாங்க ஒண்ணா உக்கார மாட்டோமே மேடம்."

உண்மையைச் சொன்னால் என்ன, இதை யாரும் படிக்கப் போவதில்லை. எனக்கு அந்தப் புதன்கிழமை வேண்டும். வாரத்தில் ஒரு மத்தியானமாவது நாலு பேர் என்னோடு பேசியே தீர வேண்டும் என்று ஒரு கட்டாயம் வேண்டும்.

9.1.2008, புதன்

முதல் வகுப்பு. மூன்று துறையும் மூன்று வரிசையாக, நடுவில் ஒவ்வொரு பெஞ்சு காலி விட்டு உட்கார்ந்தார்கள். சம்பந்தம் பேச வந்து சரிப்படாத வீட்டார் மாதிரி.

காகிதத்தில் என்ன நடக்கிறது என்று சொன்னேன். சிவில்காரர் சுவரை ஒரு தாளில் போடுகிறார், எலக்ட்ரிக்கல்காரர் வயரை வேறு தாளில், மெக்கானிக்கல்காரர் தண்ணீர்க் குழாயை இன்னொரு தாளில். மூன்றும் முட்டிக்கொள்வது கட்டும்போதுதான் தெரியும். அப்புறம் உளியை வைத்துப் புதுச் சுவரைக் கொத்துவார்கள். இந்த மாடலில் மூன்றும் ஒரே இடத்தில். குழாய் பீமுக்குள் புகுந்தால் அந்த இடம் உடனே சிவப்பாகிவிடும். கொத்த வேண்டாம், பேசினால் போதும்.

சிவில் கீர்த்தனா கை தூக்கினாள். "யாரு மேடம் மொதல்ல பேசணும்?" நல்ல கேள்வி.

எலக்ட்ரிக்கல் துறையிலிருந்து பாண்டியராஜ் சார் கூட இருக்கிறார். ஒட்டன்சத்திரத்துக்காரர், தினமும் பஸ்ஸில் வருகிறார். மெக்கானிக்கல் சார் பிள்ளைகளை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்.

13.1.2008, ஞாயிறு

கோவில். மாதா கோவிலில் பூசை முடிந்து வாசலில் இரண்டு பேர் "நல்லா இருக்கீகளா" என்றார்கள். பதிலுக்கு நிற்கவில்லை.

மார்க்கெட்டில் கால் கிலோ வெண்டைக்காய் கேட்டேன். பேச்சாயி தராசை எடுக்கவே இல்லை, கையால் அள்ளிப் பையில் போட்டாள். "ஒத்த ஆளுக்கு என்ன டீச்சரு எட போடுறது." காய் என்னவோ கூடத்தான் இருந்தது. அவள் பிரியமாகத்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்து வெஞ்சனம் வைக்கவே மனசு வரவில்லை, மோர் ஊற்றித் தின்றேன்.

15.1.2008

பொங்கல். அகரத்தில் தம்பி வீடு இருக்கிறது. போனால் வா என்பான். போகாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டான். போகவில்லை. கீழ்வீட்டுச் சிவனம்மாள் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டாள்.

23.1.2008, புதன்

இன்று நல்ல சண்டை. மெக்கானிக்கல் ராமர் கழிவறைக் குழாயைச் சரியாக வரவேற்பறை பீமின் வயிற்றில் குத்தி வைத்திருக்கிறான். திரை சிவந்துவிட்டது. கீர்த்தனா குதிக்கிறாள், "என் பீமைத் தொடாதே" என்று. ராமர், "தண்ணி பின்ன எங்கிட்டுப் போகும், ஒன் தலை மேலயா?" என்கிறான். எலக்ட்ரிக்கல் அன்புமணி நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் செத்த நேரம் சும்மா இருங்க, என் வயரு எங்க?" என்கிறான். காலி பெஞ்சுகள் எப்போது நிரம்பின என்று நான் கவனிக்கவில்லை. பதினெட்டுப் பேரும் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி, கோவில் திருவிழாவில் அன்னதானப் பாத்திரத்தைச் சுற்றி நிற்பது போல.

பாண்டியராஜ் சாரும் விடவில்லை. "ஏனுங்க மேடம், கூரை ஸ்லாபு நாலரை இஞ்சு போட்டிருக்கீங்க, நான் ஃபேன் பாக்ஸை எங்கீங்க பதிக்கிறது?" நானும் பதிலுக்குக் கொடுத்தேன். நேரம் போனதே தெரியவில்லை. தொண்டை கட்டிவிட்டது. இந்த ஊருக்கு வந்து இம்புட்டு நான் பேசியதே இல்லை.

ஒரு விதி போட்டேன். மாடலில் எதை நகர்த்தினாலும் கரும்பலகையில் எழுதிவிட்டு நகர்த்த வேண்டும். மற்ற நாட்களில் கல்லூரி விட்ட பிறகு ஒவ்வொரு அணிக்கும் ஒரு மாலை அந்தக் கம்ப்யூட்டர் கிடைக்கும். அப்போதும் அதே விதி.

1.2.2008, வெள்ளி

கேன்டீனில் பாண்டியராஜ் சார் என் மேசைக்கு வந்து டீ குடித்தார். ஒட்டன்சத்திரத்தில் தக்காளி விலை விழுந்ததில் ஆரம்பித்து, கேரளா லாரி, மாமனார் தோட்டம் என்று எங்கெங்கோ போய், கடைசியில் என் ஸ்லாபுக்கு வந்து நின்றார். ஐந்தங்குலம் ஆக்கச் சொல்கிறார். ஆக்க மாட்டேன் என்றேன்.

ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும். நாற்பத்தொரு வயதில் எனக்கு என்ன வந்தது? அவருக்குப் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். எனக்கு அவர் மேல் ஒன்றும் கிடையாது. ஆனால் என் வேலையில் ஒருத்தர் குற்றம் கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. குற்றம் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டுமே.

6.2.2008

சாம்பல் புதன். நெற்றிச் சாம்பலோடு வகுப்புக்குப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்லாபு ஐந்தங்குலம் ஆகிவிட்டது.

18.2.2008, திங்கள்

என்ன நடந்தது என்று புரியவில்லை. காலையில் மாடலைத் திறந்தேன். திரை முழுக்கச் சிவப்பு. அம்மை போட்டது மாதிரி.

இரண்டு அறைகளுக்கு நடுவில் குழாய்கள் இறங்குவதற்கு மூன்றடி இடைவெளி விட்டிருந்தோம். அது இரண்டடியாகச் சுருங்கி, குழாய் ஒரு பெண்ணின் கட்டில் வழியாக இறங்குகிறது. மெயின் மின்பெட்டி மாடிப்படிக்கு உள்ளே நிற்கிறது. மூன்றாம் படியில் கால் வைத்தால் ஃபியூஸ் கேரியரை மிதிக்கலாம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கு நடந்து போய்விட்டது. அதன் எடையைத் தாங்க அங்கே பில்லர் இல்லை.

கரும்பலகையில் ஒரு எழுத்து இல்லை.

கரஸ்பாண்டென்ட் வர ஒரு மாதம் கூட இல்லை. யாரோ வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார்களா? ஹெச்.ஓ.டி. ஆட்களா? ச்சே, அவர்களுக்கு மவுஸ் பிடிக்கவே பொறுமை கிடையாது.

20.2.2008, புதன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமல் தூங்கவும் முடியாது.

வகுப்பில் கேட்டேன். யார் நகர்த்தியது? பதினெட்டுப் பேரும் தரையைப் பார்க்கிறார்கள். கத்தினேன். உங்களுக்காக நான் எத்தனை பேர் காலில் விழுந்திருக்கிறேன் என்றெல்லாம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம். கீர்த்தனா அழுதாள்.

பாண்டியராஜ் சார்தான் மெதுவாக ஆரம்பித்தார். "மேடம், கோவிச்சுக்காதீங்க. நீங்க போட்ட ரூம் அளவு ஒம்பதுக்குப் பதினாலுங்களா?"

"ஆமா. மூணு கட்டில், மூணு மேசை. கணக்குப் பார்த்துத்தான் போட்டேன்."

"கட்டில் கணக்கு சரிங்க. மனையடிக் கணக்குல ஒம்பதும் ஆகாதுங்க, பதினாலும் ஆகாதுங்க. எங்க ஊர்ல மாட்டுக் கொட்டாய்க்குக் கூட அந்த அளவு வெக்க மாட்டாங்க."

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கீர்த்தனா தன் மாலையில் அறைகளைப் பத்துக்குப் பதினாறாக இழுத்திருக்கிறாள். ஓரடியைக் குழாய் இடைவெளியிலிருந்தும், இரண்டடியை வராந்தாவிலிருந்தும் எடுத்திருக்கிறாள். "பொம்பளப் பிள்ளைக தங்குற எடம் மேடம், எப்படி மேடம் ஒம்பதுல வைக்கிறது?" ராமர் தன் மாலையில் தொட்டியைக் கன்னி மூலைக்கு ஏற்றியிருக்கிறான், பாரம் தென்மேற்கில்தான் இருக்க வேண்டுமாம். அன்புமணி தன் மாலையில் மின்பெட்டியைத் தென்கிழக்கு அக்னி மூலைக்குக் கொண்டுபோயிருக்கிறான். அங்கே படிக்கட்டு இருப்பது அவன் பார்த்த தளத்தில் தெரியவில்லை. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. மூன்று பேரும் தனித்தனியே வந்து, தனித்தனியே நல்லது செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஏன் பலகையில் எழுதவில்லை என்று கேட்டேன். ராமர்தான் சொன்னான். "நீங்க வேதக்காரங்க மேடம். இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு திட்டுவீங்கன்னு நெனச்சோம்."

சரி, பிள்ளைகள். அவரும்? பாண்டியராஜும்? "உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டேன். "மொத நாளே பாத்தேனுங்க. சொல்லலாமுன்னுதான் இருந்தேன். உங்க மனசு சங்கடப்படுமோன்னு..."

ஸ்லாபு அரை அங்குலத்துக்கு அம்புட்டுச் சண்டை போட்ட மனுஷன். இதுக்கு மட்டும் எதுக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தாரு? எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியாது. கூட இருக்காங்க, கூட இருக்காங்கன்னு நானா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். பேசாம இருக்கிறதுக்கு மரியாதைன்னு ஒரு பேரு வச்சிருக்காங்க. அந்த மரியாதையை வச்சு நான் என்ன பண்ண?

21.2.2008

லீவு போட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

23.2.2008, சனி

பத்து மணிக்குக் கீழே சிவனம்மாள் கூப்பிட்டாள். "டீச்சரு, ஒங்களப் பாக்கப் பிள்ளைக வந்திருக்கு." கீர்த்தனா, ராமர், அன்புமணி. இந்த வீட்டுக்கு என்னைத் தேடி ஆள் வந்தது சிலிண்டர்காரருக்கு அப்புறம் இவர்கள்தான். கூடைப் பின்னல் நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது. தரையில் பாய் விரித்தேன்.

திட்டுவேன் என்று வந்திருந்தார்கள். நான் சொன்னேன்: அகரத்தில் என் அப்பா கட்டின வீட்டுக்கு நடு அறை அகலம் பதினொன்று. மேஸ்திரி பன்னிரண்டு வைத்துவிட்டார் என்று உள்பக்கம் ஒரு சுவரைச் சேர்த்துக் கட்டினார் அப்பா. பாதர் வந்து வீட்டை ஆசீர்வதித்து மந்திரித்தபோது, "சுவர் ஏன் இவ்வளவு தடிமன்?" என்று கேட்டார். "குளிர்ச்சிக்கு சாமி" என்றார் அப்பா.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராமர் அப்புறம் கேட்டான், "அப்ப நீங்க மட்டும் ஏன் மேடம் ஒம்பது போட்டீங்க?"

"எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் உங்களுக்கு இருக்கு, தங்கப் போகிற பிள்ளைகளுக்கு இருக்கும், பார்க்க வருகிறவருக்குக் கட்டாயம் இருக்கும். பில்லர் கனம் மாதிரி அதுவும் ஒரு தேவை. சொன்னால் இடம் ஒதுக்கலாம். சொல்லாவிட்டால் குழாய் கட்டில் மேல்தான் இறங்கும்."

காபி போட்டேன். டம்ளர் மூன்றுதான் இருந்தது. நான் கிண்ணத்தில் குடித்தேன்.

27.2.2008, புதன்

எல்லாவற்றையும் பலகையில் எழுதினோம். மனையடி, கன்னி மூலை, அக்னி மூலை, எல்லாம். பிறகு மறுபடி முதலிலிருந்து. அறை பத்துக்குப் பதினாறு. அதற்காகத் தளத்துக்கு ஓர் அறை குறைந்தது. படிப்புக் கூடம் மாடிக்கு ஏறியது. மின்பெட்டிக்கு அக்னி மூலையில் ஒரு சின்ன அறை, படிக்கட்டு பக்கத்துக்கு நகர்ந்தது. தொட்டி கன்னி மூலையிலேயே இருக்கட்டும், ஆனால் அங்கே கூடுதலாக ஒரு பில்லர். பில்லர் வந்ததும் ராமரின் குழாய்க்கு வழி போய்விட்டது. அன்புமணி தன் வயரை வராந்தாவின் மறுபக்கம் தள்ளிக்கொண்டு இடம் கொடுத்தான். கொடுக்கும்போது, "இதுக்கு எனக்கு நீ ஒரு பிரியாணி வாங்கித் தரணும்ல" என்றான்.

பாண்டியராஜ் சாரிடம் சொன்னேன், இனிமேல் என் மனசு சங்கடப்படும் என்று பார்க்காதீர்கள். "சரிங்க" என்றார். அடுத்த நிமிடமே, "அப்போ ஒண்ணு சொல்லட்டுங்களா, அந்தப் படிக்கட்டு லேண்டிங் நல்லாவே இல்லீங்க" என்றார்.

லேண்டிங்கை மாற்றினேன். அவர் சொன்னது சரிதான்.

14.3.2008, வெள்ளி

கரஸ்பாண்டென்ட் வந்தார். கீர்த்தனாதான் விளக்கினாள். சுவரைத் திறந்து உள்ளே குழாய், அதன் பக்கத்தில் வயர், எதுவும் எதோடும் முட்டாமல் போவதைக் காட்டினாள். திரையில் ஒரு சிவப்புக்கூட இல்லை.

அவர் கேட்டது மூன்றே கேள்வி.

"உள்கூடு எம்புட்டு வருது?"

"பத்துக்குப் பதினாறு சார்."

"தண்ணித் தொட்டி?"

"கன்னி மூலை சார்."

"கரண்டு ரூமு?"

"அக்னி மூலை சார்."

முகம் மலர்ந்துவிட்டது. "பேஷ். இம்புட்டு நல்ல சாமானை ஒத்த மெஷின்ல வச்சுக்கிட்டு ஏன் எல்லாரும் முண்டியடிக்கிறீங்க? டிபார்ட்மெண்டுக்கு ஒரு லேப்பு போட்டுருவோம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பின்னால் நின்ற ஹெச்.ஓ.டி. கூடத் தட்டினார்.

நானும் தட்டினேன். பலமாகத் தட்டினேன்.

15.3.2008, சனி

பிள்ளைகள் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். தவக்காலம், எனக்குக் கறி கிடையாது. கறியை ஒதுக்கிவிட்டுக் குஸ்காவை மட்டும் தின்றேன். பாண்டியராஜ் சார் தன் முட்டையை அன்புமணிக்குக் கொடுத்தார். ஒரே மேசை. நாற்காலி போதாமல் இரண்டு பேர் நின்றுகொண்டே தின்றார்கள். சந்தோஷமாக இருந்தேன்.

2.6.2008, திங்கள்

பெட்டி பெட்டியாகக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியிருக்கின்றன. மூன்று அறைகளில் ஏ.சி. மாட்டுகிறார்கள். பழைய கம்ப்யூட்டரைப் பரீட்சைப் பிரிவு எடுத்துக்கொண்டுவிட்டது.

16.6.2008, திங்கள்

டைம்டேபிள் பார்த்தேன். புதன் மதியம்: கட்டட மாடலிங், சிவில் மட்டும். எலக்ட்ரிக்கலுக்குச் செவ்வாய், அவர்கள் லேப்பில். மெக்கானிக்கலுக்கு வியாழன், அவர்கள் லேப்பில்.

பிரின்சிபாலிடம் போனேன். இது மூன்று துறையும் சேர்ந்து செய்கிற வகுப்பு சார், சேராவிட்டால் இது வெறும் படம் என்றேன். பொறுமையாகத்தான் கேட்டார். "மேடம், மெஷின் ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, அதனால சேர்ந்து உக்காந்தீங்க. இப்ப ஆளுக்கு ஒண்ணு இருக்கு. உங்க வெற்றிதான மேடம் இது? அப்புறம் ஏன் கஷ்டப்படுறீங்க?"

புதன் ஒரு நாளாவது, ஒரே லேப்பில், என்றேன். மூன்று ஹெச்.ஓ.டி.யும் கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம் என்றார். என் ஹெச்.ஓ.டி.யே முதலில் போடமாட்டார்.

பாண்டியராஜ் சாரைத் தேடிப் போனேன். புது லேப்புக்கு அவர்தான் பொறுப்பு. ஏ.சி. குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் பூரிப்பு. "பாருங்க மேடம், பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு சிஸ்டமுங்க" என்றார். நன்றாக இருக்கிறது சார் என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

25.6.2008

கேன்டீனில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. எலக்ட்ரிக்கல் லேப்பிலேயே டீக்கு ஃபிளாஸ்க் வாங்கி வைத்திருக்கிறார்களாம்.

2.7.2008, புதன்

கீர்த்தனாவை நடைபாதையில் பார்த்தேன். கடைசி வருடம், புராஜெக்ட் தனியாகச் செய்கிறாள். ராமர், அன்புமணி எல்லாம் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். "பாக்குறதே இல்ல மேடம், அவுக பிளாக்கு அந்தப் பக்கம்ல" என்றாள். பிறகு அவளுக்கு மணி அடித்துவிட்டது.

9.7.2008, புதன்

புது லேப்பில் முதல் செய்முறை வகுப்பு. எல்லோரும் சிவில். அதே விடுதிக் கட்டடத்தையே பயிற்சியாகக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஆளுக்கு ஒரு கட்டடம். ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு பெண் எல்லோருக்கும் முன்னால் முடித்தாள். கோடு கோடாக அவ்வளவு சுத்தம். திரையில் சிவப்பு ஒரு புள்ளிகூட இல்லை. தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று கேட்டேன். "அது மெக்கானிக்கல் மேடம்" என்றாள். வயர்? "அது அவுக பாத்துக்குவாக." சரியென்று தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

வகுப்பு முடிகிற வரை ஒருத்தரும் கை தூக்கவில்லை, ஒருத்தரும் ஒருத்தரோடும் சண்டை போடவில்லை. மணி அடித்ததும் வணக்கம் சொல்லிவிட்டு வரிசையாகப் போனார்கள். போகிற வழியில் ஹெச்.ஓ.டி. எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மேடம் வகுப்பு வகுப்பு மாதிரி இருக்கு" என்றார்.